உதயரூபனின் இரத்தம்

வெல்லாவெளித் தபால்காரர் நல்லரத்தினம் ஆறு வருடங்களாகத் தயிர் தொடுவதில்லை. மட்டக்களப்பில் ஒருவர் எருமைத் தயிரை விட்டால் அது டொக்டர் சொன்னதாக இருக்கும், அல்லது கோயில் நேர்த்திக்கடனாக இருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிள் ஓட்டப் போட்டியில் கால் எரிவது லக்டிக் அமிலத்தால் என்றும், தயிரைப் புளிக்க வைப்பதும் அதுதான் என்றும் ஒரு விளையாட்டு ஆசிரியர் சொல்லிவிட்டார். அன்றே நிறுத்தினார்.

நிறுத்தியும் ஆறு வருடமும் இரண்டாம் இடம். முதலாம் இடம் மனைவியின் தம்பி உதயரூபனுக்கு. களுவாஞ்சிக்குடியில் விசிறிக்குக் கீழே இருந்து கோப்புப் புரட்டுகிறவன். நல்லரத்தினமோ கடிதப் பையுடன் வயல் வட்டைகளுக்கு நடுவே கிரவல் வீதியில் நாளுக்கு முப்பது கிலோமீற்றர் மிதிப்பவர். ஓட்டத்துக்கு முதல் நாள் உதயரூபன் அக்கா வீட்டுக்கு வந்து, இவருக்கு முன்னாலேயே ஒரு சட்டித் தயிரைக் கித்துள் பாணியோடு வழித்துத் தின்பான்.

“மச்சான், கொஞ்சம் போடவா?”

“வேணாம்.”

“திண்டாலும் ஒண்டுதான், திண்ணாட்டியும் ஒண்டுதான். தபால் எப்பயும் பிந்தித்தானே வாற.”

மனைவி மங்கையற்கரசி சிரித்துக்கொண்டே தம்பிக்கு இன்னும் ஒரு அகப்பை போடுவாள். அந்த அகப்பையை நல்லரத்தினம் வருடம் முழுக்க நினைத்திருப்பார்.

அவனுடைய இரத்தம் வேறு மாதிரி என்பது அவருடைய முடிவு. பிறப்பில் கிடைத்தது. இல்லாவிட்டால் மிதிக்கிறவன் தோற்க நியாயமில்லை.

இந்த வருடம் களுவாஞ்சிக்குடி முடிவிடத்தில் நிஸ்றா நின்றாள். காத்தான்குடிப் பிள்ளை, ஆய்வுக்காக வந்த பல்கலைக்கழக மாணவி. ஓடி முடித்தவர்களின் விரலில் குத்தி, இரத்தத்தில் அந்த லக்டிக் அமிலம் தரும் லக்டேற் எவ்வளவு என்று சிறு கருவியில் பார்த்தாள்.

“அவனுக்கும் எடுத்தாத்தான் நான் விரல் தருவன்” என்றார் நல்லரத்தினம். அன்றும் இரண்டாவதாக வந்திருந்தார்.

“அவருக்கு எடுத்தாச்சு அங்கிள்.”

உதயரூபன் தென்னை மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருடமும் எடுப்பான். நோஞ்சான் என்று நல்லரத்தினம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

நிஸ்றா விரலைத் துடைத்தாள். வியர்வை பட்டால் அளவு பிழைக்கும் என்று முதல் துளியையும் துடைத்தெறிந்தாள். இரண்டாவது துளி சோதனைத் துண்டு வழியாகக் கருவிக்குள் போனது.

“அஞ்சு தசம் எட்டு. சும்மா இரிக்கக்குள்ள ஒண்டு இருக்கும்.”

“அவனுக்கு?”

“பதிமூண்டு தசம் ஆறு.”

“அவ்வளவு நஞ்சா!” அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “தயிர் திண்டா இப்பிடித்தான்.”

நிஸ்றாவுக்குச் சிரிப்பு வந்தது. “தயிர் வயித்தோட சரி அங்கிள். இது தசை சீனிய அவசரமா உடைக்கக்குள்ள வாற. நஞ்சும் இல்ல. இதயம் இதையே எடுத்து எரிச்சுக்கும். ஆனா அந்த நேரம் இரத்தத்தில அமிலமும் கூடும். அத வெளியில தள்ளத்தான் அவருக்கு அப்பிடி மூச்சு வாங்குது.”

“அப்ப கூடினா நல்லமா, குறைஞ்சா நல்லமா?”

“உங்கட உடம்பு நல்லாப் பழகின உடம்பு. ஆனா கடைசியில அவர் முழுசாக் குடுத்திரிக்கார். உங்களுக்கு மிச்சம் இருந்திரிக்கு.”

கடைசிக் கட்டத்தில், பட்டிருப்புப் பாலம் தாண்டியதும் கால் எரியும். எரிந்ததும் அவர் மிதியைத் தளர்த்துவார். அதற்கு மேல் உடம்பு விடாது என்று நம்பியிருந்தார். அதே இடத்தில் உதயரூபனுக்கும் எரிந்திருக்கிறது. இவருக்கு எரிந்ததைவிடக் கூடவே எரிந்திருக்கிறது. அவனுடைய இரத்தத்தை நினைத்துப் பொறாமைப்பட்ட காலம் சுகமானது. இந்த எரிச்சலை என்ன செய்வது?

“பிள்ள, ரெண்டையும் மாத்தி எழுதேலாதா?”

பகிடி என்று எண்ணி அவள் மறுபடியும் சிரித்தாள்.

“சரி, மறுகா ஒருக்கா ஓடிட்டு வந்தா எடுப்பீங்களா?”

“ஒரு துண்டுதான் மிச்சம்…”

அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். வீதி திறந்து பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. பாலம் வரை போய்த் திரும்பினார். கால் எரிந்தது, தளர்த்தவில்லை. கண் இருண்டது, தளர்த்தவில்லை. வந்து இறங்கியவர் நிற்க முடியாமல், அதே தென்னையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். உதயரூபன் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

“என்ன மச்சான், விசரா உங்களுக்கு?”

நல்லரத்தினம் அவன் கையைத் தட்டிவிட்டு நிஸ்றாவிடம் விரலை நீட்டினார்.

“பதினொண்டு தசம் ஒம்பது” என்றாள் அவள். “பெரிய விசயம் அங்கிள்.”

அவர் மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அவனுக்கு என்னவிட நாலு வயசு குறைவு” என்றார். “அதையும் எழுதுங்க.”