வரப்பில் பறித்த கீழாநெல்லி

நாற்பது வயதில் சௌந்தரத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் குனிந்து நாற்று நட முடியவில்லை. கீரப்பாளையத்து வரப்புகளில் எது எங்கே முளைக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. அதனால் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, தூதுவளை என்று உட்கார்ந்தபடியே பறித்து, காலை மினிபஸ்ஸில் சிதம்பரம் கொண்டுபோய்க் கடைத்தெருவில் சாக்கு விரித்தாள்.

செடியை அவள் தப்பாக எடுத்ததில்லை. இலையைத் திருப்பிப் பார்த்து, அடியில் சின்னச் சின்னக் காயாக வரிசை கட்டியிருந்தால்தான் கீழாநெல்லி என்று வேரோடு பிடுங்குவாள். மூன்று தண்ணீர் மாற்றி அலசிக் கட்டுவாள். காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பவர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

2007 கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு நாள். அவளுக்குச் சளியில் மூக்கு அடைத்திருந்தது. விடியலில் பறித்த நான்கு கட்டுக் கீழாநெல்லியும் பத்து மணிக்கெல்லாம் விற்றுப்போயிற்று. ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஊர் விவசாயி மணவாளன் வாய்க்காலில் மருந்துத் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்த வயலுக்கு மாமா மருந்து அடிச்சீங்க?"

"வடக்கு வயலுக்குத்தான். நேத்து சாயங்காலமே அடிச்சிட்டேன். பூச்சி ஜாஸ்தியா இருந்துச்சு, வரப்பையும் சேத்து அடிச்சாச்சு."

அன்று சௌந்தரம் பறித்ததெல்லாம் அந்த வரப்பில்தான்; மூக்கடைப்பில் மருந்து வாடை அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தப் பாட்டிலக் குடுங்க மாமா."

"எதுக்கு? எம் பேர இழுத்து வுட்டுடாத."

"உங்க பேரு எதுக்கு எனக்கு? மருந்து பேருதான் வேணும்."

காலி பாட்டிலை ஒரு கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். வாங்கினவர்கள் எல்லாம் தெரிந்த வீட்டுக்காரர்கள். மூன்று வீட்டில், மறுநாள் வெறும் வயிற்றில் குடிப்பதற்காகக் கட்டை அப்படியே வைத்திருந்தார்கள். காரணத்தைச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒருத்தர் திட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

நான்காவது, ரயிலடிப் பக்கம் மாலதியின் வீடு. அவள் புருஷன் சடையப்பன் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர் முற்றத்தில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, வாயில் எச்சில் ஒழுகியது.

"பித்தம் எறங்குது போலக்கா" என்றாள் மாலதி. "வந்ததுமே அரைச்சுக் குடுத்துட்டேன்."

அதையே ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒரு கணம் சௌந்தரத்துக்கு அப்படித் தோன்றவும் செய்தது.

"பித்தம் இல்லடி. பூச்சி மருந்து அடிச்ச வரப்புல பறிச்சிட்டேன். ஆட்டோவக் கூப்புடு."

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவருடைய கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சௌந்தரம் பாட்டிலை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். டாக்டர் பெயரைப் படித்துவிட்டு உடனே ஊசி எழுதினார்.

"இதக் கொண்டாந்தது நல்லதாப் போச்சும்மா" என்றவர், மாலதியைப் பார்த்து, "காமாலைன்னு ரத்தம் சோதிச்சீங்களா?" என்று கேட்டார்.

"கண்ணு மஞ்சளா இருந்துச்சு. அதான்..."

"மஞ்சளாத் தெரியறதுக்குப் பல காரணம் இருக்கு. சோதிக்காம எதையும் குடுக்காதீங்க."

அவர் அங்கே படுத்திருந்த நான்கு நாளும் சௌந்தரம் வார்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். மாலதி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் சடையப்பன் நடந்தே வீட்டுக்குப் போனார்.

சேதி தெருவெல்லாம் பரவி, இரண்டு மாதம் அவள் சாக்கின் பக்கம் யாரும் வரவில்லை. வரப்பில் பறிப்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலு முழ இடத்தைக் கொத்தி, கீழாநெல்லி விதையைத் தூவி, வேலியோரம் தூதுவளையும் நட்டு, அடிபம்புத் தண்ணீரை ஊற்றி வளர்த்தாள். தைக்குப் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காமாலை என்று கேட்டால், "ரத்தம் பாத்தாச்சா? டாக்டரு என்ன சொன்னாரு?" என்று கேட்காமல் கட்டைத் தரமாட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்றால் கொடுப்பதே இல்லை. அலுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அடுத்த வருஷம் சடையப்பனே சைக்கிளை நிறுத்தித் தூதுவளை கேட்டார்.

"எத்தன நாளா இருமல்?"

"மூணு நாளாத்தான். என்னா, நீயே டாக்டராயிட்டியா?"

"நான் கேப்பேன். முள்ள ஆஞ்சுட்டுத் தொவையல் அரைக்கச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். மாலதி மட்டும் அவளிடம் அதன் பிறகு எதுவும் வாங்கியதில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நின்று, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாள். அந்த அளவுக்கு வந்ததே சௌந்தரத்துக்கு ஆறுதலாக இருந்தது.