கொட்டகை நெரம்புன ஞாயித்துக்கெழம

கடவுள் மேலேருந்து தலைய எண்ணிப் பாத்துத்தான் ஊழியக்காரருக்கு மார்க் போடுவாருன்னு பத்து வயசு வரைக்கும் நம்புனவன் நான். இப்ப தொப்பை வந்துருச்சு, மீசை நரைச்சிருச்சு. புத்தி மட்டும் இன்னும் பஸ்ஸுக்கு நின்னுட்டிருக்கு.

அப்பா பாஸ்டரு. தா.பழூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில ஊழியம் பண்ணிட்டிருந்தாரு. ஞாயித்துக்கெழம ஏழெட்டு பேரு வந்தா பெருசு. அதுல ஒரு அத்தைக்கு ரெண்டு காலும் சூம்பிப்போயிருக்கும். அப்பாவே போயி சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டு வருவாரு. அது வழி பூரா என்னையக் கிண்டல் பண்ணிக்கிட்டே வரும்.

ஒரு நாளு அம்மா அடுப்படியில அழுதுச்சு. திருச்சியிலேருந்து பெரிய பாஸ்டர் பாக்க வர்றாராம். ஆளு இல்லன்னா கொட்டகைய மூடிருவாங்களாம். குடும்பத்துல ஒருத்தனுக்காவது மூளை இருக்கட்டும்னு நான் கெளம்புனேன். ஞாயித்துக்கெழம எங்க கொட்டகையில வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்துப் புதுப்படம் போடுறோம்னு தெருத்தெருவா சொல்லிட்டு வந்துட்டேன்.

ஊரே வந்துருச்சு. ஜன்னல்ல கூட புள்ளைங்க தொங்குதுங்க. பெரிய பாஸ்டருக்கு மொகமெல்லாம் சிரிப்பு. அப்ப அப்பா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாரு. பாத்தவரு அப்புடியே நின்னுட்டாரு. வாரவாரம் வர்ற நம்மாளுங்க அம்புட்டு பேரும் வெளிய வெயில்ல நிக்கிறாங்க. அத்தைய எறக்கி உக்கார வைக்க உள்ள ஒரு சாண் எடமில்ல. கேரியர்லயே உக்காந்துருக்கு.

"பாஸ்டரே, படம் எப்பப் போடுவீங்க?"ன்னு உள்ளேருந்து ஒரு சத்தம். அப்பா என்னையத்தான் பாத்தாரு.

"ஐயா, இவங்க படம் பாக்க வந்தவங்க. நம்ம சபை வெளிய நிக்கிது"ன்னு பெரிய பாஸ்டர்ட்ட சொல்லிட்டு, ஹேண்டில்பாரப் புடிச்சபடியே அங்கனயே ஜெபத்த ஆரம்பிச்சிட்டாரு. படம் இல்லன்னு தெரிஞ்சதும் கூட்டம் என்னையத் திட்டிக்கிட்டே கலைஞ்சிருச்சு.

பெரிய பாஸ்டர் கோவப்படல. இத மூடிட்டு அரியலூருக்குப் போயிருங்க, அங்க பெரிய சபை, பையனுக்கும் நல்ல ஸ்கூலுன்னு தன்மையாத்தான் சொன்னாரு. நான் மனசுக்குள்ள அரியலூர் போயி பரோட்டாவே தின்னு முடிச்சிட்டேன்.

அப்பா கேட்டாரு: "நான் அங்க போயிட்டா, இந்த அம்மாவ யாருங்க தள்ளிக்கிட்டு வர்றது?"

எனக்குத் தொறந்த வாயி மூடல. ஒரு சைக்கிளுக்காக ஒரு டவுனயே வேணாங்குறாரேன்னு.

கொட்டகைய மூடிட்டாங்க. அடுத்த வாரம் புளியமரத்தடியில ஜெபம். சைக்கிளுக்குப் பின்னாடி நடந்துகிட்டே, நான் எம்புட்டுப் பேரக் கூட்டியாந்தேன் பாத்தியான்னு அத்தைகிட்ட பீத்துனேன். அது சொன்னதக் கேட்டு, வழக்கமான கிண்டல்னு நெனச்சு நான் பாட்டுக்கு சிரிச்சேன். அத்தை சிரிக்கல.

"நாங்க பத்தாதுன்னுதானடா ஊரக் கூப்புட்ட?"