யஹ்யா நானாவின் ஒரே இங்கிலீஷ் சொல்

"ஃபைன்."

முன்னறையிலிருந்து அந்தச் சொல் மறுபடியும் கேட்டது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜுனைதாவின் கை நின்றது. வாப்பா எதை ஃபைன் என்கிறார்? மாப்பிள்ளையின் லொறியையா, குணத்தையா, கலியாணத்தையேதானா?

முன்னறையில் உட்கார்ந்திருந்தவர் நாலந்தாவில் ஏலக்காய் வாங்கி விற்கும் மீராசாஹிப். மகன் ஜவாஹிருக்கு ஜுனைதாவைக் கேட்டு வந்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நிக்காஹ் முடிய வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் வீட்டுப் பெண்கள் படித்தாலும் வேலைக்குப் போவதில்லை. ஜுனைதாவோ அந்த மாதம்தான் ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். தனக்கு இதில் இஷ்டமில்லை என்று காலையிலேயே உம்மா ஸுபைதாவிடம் அழுதிருந்தாள். ஸுபைதா அதைக் கணவரிடம் சொன்னபோது, ரொட்டியைச் சம்பலில் தொட்டபடி அவர் சொன்னதும் அதே சொல்தான்.

ஊரார் அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் யஹ்யா, மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு, கொக்கோ, சாதிக்காய் வாங்கும் வியாபாரி. இளவயதில் ஒரு தோட்டத்துக் கொக்கோ ஸ்டோரில் வேலை செய்தார். அங்கே கொழும்பிலிருந்து வரும் துரை ஒருவர் கொக்கோ விதையைக் கத்தியால் பிளந்து, மூக்கருகே கொண்டுபோய், "ஃபைன்" என்பாராம். அந்த ஒரு சொல்லோடுதான் யஹ்யா வீடு திரும்பினார். அதற்குப் பிறகு வேறொரு இங்கிலீஷ் சொல்லை அவர் தேடவில்லை.

தேடாமலே வாழ்ந்தும் காட்டினார். மழை விட்டால் வானம் ஃபைன். காய்ச்சல் இறங்கினால் பிள்ளையின் நெற்றி ஃபைன். பல்லேகமவிலிருந்து மிளகு கொண்டுவரும் சிங்கள விவசாயிகள் சுகம் விசாரித்தாலும் அதுவே பதில். பழைய தோட்டத்துக் கூலியாள் இஞ்ஞாசிக்குப் பேரன் பிறந்த சேதி வந்தபோதும் அதையே சொன்னார். இஞ்ஞாசி அதைக் கோவிலில் பாதிரியார் தரும் ஆசீர்வாதம் மாதிரி வாங்கிக்கொண்டு போனார். தன் கூடப்பிறந்த தம்பியை அடக்கம் செய்த அன்று, கபுறு வெட்டியவர்கள் மண்ணில் கல்லே இல்லை என்று சொன்னார்கள். யஹ்யா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, "ஃபைன்" என்றார். அன்று அவரை அறியாதவர்கள் முகம் சுளித்தார்கள். அறிந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு மனிதன் ஒரே சொல்லுக்குள் இவ்வளவையும் எப்படி அடைத்தான் என்று ஊரில் பலர் வியந்ததுண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கடையில் வேறு வாழ்க்கை இருந்தது.

மாத்தளைச் சரக்கு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க நினைப்பவன் குறை சொல்வான். மிளகு ஈரம், தூசி அதிகம், ஏலம் வெடித்துவிட்டது என்று முகத்தைச் சுருக்குவான். குறை சொல்லச் சொல்ல விற்பவன் முகம் மலரும், பேரம் தொடங்கிவிட்டதல்லவா? வாங்கும் எண்ணமே இல்லாதவன்தான் சரக்கைப் புகழ்வான். யஹ்யா மூட்டைக்குள் கைவிட்டு "ஃபைன்" என்றால், கொண்டுவந்தவன் பேசாமல் மூட்டையின் வாயைக் கட்டுவான்.

இது ஜுனைதாவுக்குத் தெரியாது. கலியாணமான புதிதில் கடையின் பின்கட்டில் மிளகு புடைத்த ஸுபைதாவுக்குத் தெரியும். ஆனால் இன்று பேசுவது வீட்டு யஹ்யாவா, கடை யஹ்யாவா? திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்தபடி அவள் காதைக் கொடுத்து நின்றாள்.

யஹ்யாவின் சங்கடமும் அவளுக்குப் புரியாமல் இல்லை. பெருவெள்ளத்தில் பாதை உடைந்திருந்த நாளில், பிரசவ வலியில் துடித்த ஸுபைதாவைத் தன் லொறியில் ஏற்றி, சுற்றுவழியாகக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் இதே மீராசாஹிப். அன்று பிறந்தவள்தான் ஜுனைதா. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே இல்லை என்று எப்படிச் சொல்வது?

மீராசாஹிப் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். தொழுகை தவறமாட்டான் என்றார். ஃபைன். சிகரட் தொடமாட்டான் என்றார். ஃபைன். நாலந்தாவில் புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று என்றார். அதுவும் ஃபைன்.

அவர் குரல் மெல்ல இறங்கத் தொடங்கியது. அவரும் வியாபாரிதானே. பிறகு அவர் வேறு பக்கமாய்த் தொடங்கினார். பையன் கொஞ்சம் கறுப்பு என்றார். கோபம் சட்டென்று வரும் என்றார். யாரும் கேட்காமலே தன் பிள்ளையின் குறைகளை ஒவ்வொன்றாய் எடுத்து முன்னால் வைத்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஃபைனான பிள்ளை" என்றார் யஹ்யா.

ஸுபைதா மகளின் பக்கம் திரும்பினாள். "பயப்படாத மகள். ஒங்க வாப்பா கடைப் பேச்சுப் பேசுறார்."

ஜுனைதாவுக்கு விளங்கவில்லை. ஆனால் உம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அது சந்தோஷக் கண்ணீரா, துக்கக் கண்ணீரா என்றும் சொல்ல முடியவில்லை.

முன்னறையில் மீராசாஹிப் விடவில்லை. "நானா, இவ்வளவு நாள் பழக்கம். எனக்காக ஒரு குறை சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. சின்னதா இருந்தாலும் போதும்."

யஹ்யா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு குறை சொல்லியிருந்தால் பேரம் தொடங்கியிருக்கும். பேரம் தொடங்கினால் அந்த மனிதரிடம் அவர் தோற்றுப்போவார்.

"ஒரு குறையும் இல்ல, தம்பி. எந்த வீடும் குடுத்துவச்சிருக்கணும்."

நாற்காலி நகர்ந்தது. மீராசாஹிப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி யஹ்யா கெஞ்சினார். நாலந்தா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார் அவர். வாசற்படியில் இருவரும் இரண்டு கைகளாலும் முஸாபஹா செய்துகொண்டார்கள். யார் முதலில் கையை எடுப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"பிள்ளை படிக்கணும்னு ஆசைப்படுதோ?" என்று மீராசாஹிப் தாழ்ந்த குரலில் கேட்டார்.

யஹ்யா ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

"படிக்கட்டும், நானா. துஆ செய்றேன்."

ஸலாம் சொல்லிவிட்டு மீராசாஹிப் வெயிலில் இறங்கி நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற யஹ்யா, பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.