மாசியில் மெலியும் கங்கை

ஒவ்வொரு மார்கழி நடுவிலும் என் கணவரின் பெட்டியை நான்தான் அடுக்குவேன். இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு தொப்பி, தலைவலித் தைலம், அடியில் ஒரு டப்பா நிறையச் சீப்புச் சீடை. அவர் நீர்வளப் பொறியாளர். கங்கை நம் எல்லையைத் தாண்டி வங்கதேசத்துக்குள் போகிறது. தண்ணீர் குறையும் மாதங்களில் அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று இரண்டு நாடுகளுக்கும் ஓர் உடன்பாடு உண்டு. அந்த மாதங்களில் என் கணவர் உட்பட நம் பொறியாளர்கள் சிலர் அங்கே தங்குவார்கள். அந்நாட்டுப் பொறியாளர்கள் சிலர் இங்கே வந்து தங்குவார்கள். தினமும் இரு நாட்டாரும் ஒரே படகில் போய் ஆற்றின் ஓட்டத்தை அளப்பார்கள். அளந்த எண்ணுக்குக் கீழே இருவரும் கையெழுத்திடுவார்கள். வைகாசி பாதியில் ஆறு மீண்டும் பெருகத் தொடங்கியதும் அவர் காரைக்குடிக்குத் திரும்புவார்.

எங்கள் பக்கத்துப் பொங்கலும் மாசியில் முன்னோருக்கு இடும் படைப்பும் பங்குனித் திருவிழாவும் அவர் இல்லாத மாதங்களில்தான் வரும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த எனக்குப் பகல் எப்படியோ போய்விடும். நண்பகலில் படகைவிட்டு இறங்கியதும் அவர் கூப்பிடுவார். "இன்னைக்குக் கொஞ்சம் எறங்கிருச்சு" என்பார் முதலில். ஆற்றைச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்ற கேள்வி. அந்த வரிசையில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் அந்தக் குரலுக்காக மேசைமேல் தொலைபேசியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் பல வருடங்களாகத் துபாயில் இருந்தார். அக்கா என்னைச் சீண்டாத நாள் கிடையாது.

"எங்க வீட்டுல கம்பெனிக்காரன் லீவு தரலைன்னு சொல்லிக்கிறலாம். உங்க வீட்டுல ஆத்துக்குல்ல வாக்கப்பட்டுப் போயிருக்காக."

"அந்தச் சக்களத்தி அஞ்சு மாசம்தான் வச்சிருப்பா. திருப்பி அனுப்பிருவா" என்பேன் நான்.

மகள் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்த வருடம் இந்தப் பேச்சில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவர் மாசி மூன்றாம் வாரம் என்று சொல்லியிருந்தார். "அப்பா வந்துருவாகள்ல?" என்று மகள் தினமும் கேட்டாள். அவருக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. மாற்றுப் பொறியாளர் ஒருவர் வருவதாக ஏற்பாடாயிற்று. ரயில் பயணச்சீட்டை என் கணவர் படம் எடுத்து அனுப்பினார். மகள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் தொலைபேசி நேரம் தவறி ஒலித்தது.

"மாத்தாளு மஞ்சக்காமாலையில படுத்துட்டாரு. வேற ஆளு இப்போதைக்கு இல்லேங்கிறாக."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"இங்க இருக்காருல்ல, அந்தூரு இஞ்சினியரு, அவரு ஒரு வழி சொல்றாரு. 'நீங்க போயிட்டு வாங்க. தெனமும் பாத்ததை நான் எழுதி வைக்கிறேன். வந்து கையெழுத்துப் போடுங்க'ங்கிறாரு."

அந்த மனிதரை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. நான் அனுப்பும் சீப்புச் சீடையில் பாதி அவருக்குப் போகும். அவர் வீட்டிலிருந்து ஈச்ச வெல்லம் வரும். ஐந்தாறு வருடங்களாக ஒரே படகில் எதிரெதிரே அமர்ந்த இரண்டு பேர்.

"அவரு மாத்தி எழுதுற ஆளா?" என்று கேட்டேன்.

"சேச்சே. என் எழுத்தைவிட அவரு எழுத்து சுத்தம்."

"அப்பறம் என்ன?"

"நீ என்ன சொல்றே?" என்றார். வாங்க என்று நான் சொன்னால் வந்துவிடுவார் என்பது புரிந்தது. அடுத்த அறையிலிருந்து மகள், "வரச் சொல்லும்மா" என்றாள்.

அப்போது எனக்கு ஒக்கூர்ப் பக்கத்தில் நான் பிறந்த ஊரின் கண்மாய் நினைவுக்கு வந்தது. அது இரண்டு ஊருக்குப் பொது. மடையைத் திறக்கும்போது இரண்டு ஊர் ஆளும் கரையில் நிற்க வேண்டும். ஒரு வருடம் அடுத்த ஊர் ஆள் ஒரு சாவுக்குப் போய்விட, 'நீயே தெறந்துவிடப்பா' என்று சொல்லிவிட்டான். எங்கள் ஊர் ஆள் முறைப்படிதான் திறந்தார். அந்த வருடம் மழை பொய்த்தது. பயிர் கருகியதும், யாரும் பார்க்காமல் திறந்தவன் என்ற பேச்சு அவர்மேல் விழுந்தது. நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அவரை விடவில்லை.

"இருந்து பாத்துட்டே வாங்க" என்றேன். "நாளைக்குத் தண்ணி கொறஞ்சா அந்த மனுசனைத்தான் கேப்பாக."

"அதத்தான் நானும் நெனச்சேன். நீ வையப்போறேன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்."

"வையாம விட்டுருவேன்னு யாரு சொன்னா?"

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு நான் விளக்கமும் சொல்லவில்லை. வலி எடுத்தபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தாள். நண்பகலில் அவர் காணொளியில் வந்தார். வெயிலில் கறுத்த முகம். தோளை ஒட்டி அந்த வங்கதேசத்துப் பொறியாளர், நரைத்த தாடியோடு, திரைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்னைய மாதிரி இல்லையாம். நல்லதாப் போச்சுங்கிறாரு" என்றார் என் கணவர். சிரிக்க முயன்று முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பியபோதுதான் பின்னால் ஆறு தெரிந்தது. கடல்போல இருக்கும் என்று இத்தனை வருடம் நான் எண்ணியிருந்த கங்கை, வெண்மணல் திட்டுகளுக்கு நடுவே மெலிந்து கிடந்தது. இவ்வளவு நீருக்கா இரண்டு நாடுகள் என்று ஒரு கணம் தோன்றியது. இவ்வளவே இருப்பதால்தான் என்று அடுத்த கணம் தோன்றியது.

மகள் அவருக்காகவே வைகாசி வரை தங்கினாள். அவர் வந்து குளித்துவிட்டுக் கையை நீட்டியதும் குழந்தை வீறிட்டு அழுதாள். மூன்று மாதத்தில் எங்கள் முகங்களெல்லாம் அவளுக்குப் பழகியிருந்தன. அவருடைய முகம் மட்டும் அந்நியம். அவர் கையை மடக்கிக்கொண்டு அறையின் மறுமூலையில் போய் உட்கார்ந்தார். நான்காம் நாள் அவள் அவருடைய மடியில் தூங்கினாள். ஐந்தாம் நாள் மாப்பிள்ளை வந்து இருவரையும் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனார்.

இப்போது சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அவர் கேட்கிறார்.

"பொறந்த ஒடனே அழுதாளா?"

"கொஞ்சம் பொறுத்துத்தான் அழுதா. முதல்ல தும்முனா."

"கண்ணு தெறந்திருந்துச்சா?"

"ஒரு கண்ணு மட்டும்."

நேற்றும் இதைத்தான் கேட்டார். நான் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், காப்பி ஆறிப்போகிறது.