சாம்பல் நிற வண்டியின் வலது பக்கம்

பழைய கார் வாங்குகிறவர்கள் அவரை டார்ச் அக்கா என்பார்கள். விற்கிறவர்கள் டார்ச்சர் அக்கா என்பார்கள். இரண்டும் அவர் காதுக்கு வரும், இரண்டுக்கும் சிரிப்பார். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, கையில் எப்போதும் ஒரு டார்ச் லைட். கார் சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடத்தில் வண்டிகளைச் சோதித்து, அசலா போலியா என்று எழுதிக் கொடுப்பது வேலை.

அதிலும் 'சிவப்புப் பட்டை' என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே பார்த்தால் அது சாதாரணக் குடும்பக் கார்தான். அதே கதவு, அதே விளக்கு. ஆனால் பந்தயத்தில் ஓடுகிற எஞ்சினை வைத்து, பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பட்டை தீட்டி, தொழிற்சாலை மொத்தமே நானூறு வண்டிகள்தான் செய்தது. இன்றைக்கு ஓடுகிற சிவப்புப் பட்டைகளை எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும். சாதாரண வண்டியில் பட்டையை ஒட்டி, அகல டயர் மாட்டி, "ஒரிஜினல் சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

அக்கா பட்டையைப் பார்க்கவே மாட்டார். நேராக அடியில் போய்ப் படுத்துவிடுவார். முன்சக்கரங்களுக்கு மேலே, ஷாக் அப்சார்பர் வந்து முட்டுகிற இடத்தில், அசல் வண்டிக்கு இரண்டு பக்கமும் கையகல இரும்புத் தகடு கூடுதலாகப் பற்றவைத்திருக்கும். அந்த எஞ்சினின் இழுப்பைச் சாதாரணக் காரின் உடம்பு தாங்காது. போலி செய்கிறவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெனக்கெட மாட்டான்.

இது அவர் எங்கேயும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. இருபத்து நாலு வயதில் அந்தத் தகடுகளைப் பற்றவைத்தவரே அவர்தான். இடது பக்கம் அவர். எதிரே நின்று வலது பக்கம் பற்றவைத்தவர்தான் பிற்பாடு கணவர். இருவர் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி. முதல் இரண்டு மாதம் ஒருவர் குரல்தான் இன்னொருவருக்குத் தெரியும். கணவருக்கு இடதுகைப் பழக்கம். அவர் போட்ட பற்றவைப்பில் மீன் செதில்போல் வரிசையாகப் படிகிற செதில்கள் மற்றவர்கள் போடுவதற்கு நேரெதிராகச் சாய்ந்திருக்கும். முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சுழி வேறு. "என்னய்யா இது, கையெழுத்தா போடுற?" என்று சூப்பர்வைசர் கத்துவார்.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கல்யாணம், ஒரு மகள், வாடகை வீடுகள். "என்னைக்காவது ஒண்ணு வாங்கி, நாம செஞ்சதான்னு படுத்துப் பார்க்கணும்டி" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு வருடத்துக்கு முன், ஒரு காலையில், டீயைக் குடித்துவிட்டுப் பேப்பரை விரித்தவர் அப்படியே போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் அவருடைய சட்டைகள் இருந்தன, போட்டோ இருந்தது. அக்காவுக்கு அது போதவில்லை. அந்தக் கை செய்த ஒன்றைப் பார்க்க வேண்டும். கூடத்துக்கு இதுவரை மூன்று அசல் வண்டிகள் வந்தன. மூன்றும் இரண்டாவது ஷிப்டில் வேறு யாரோ செய்தவை. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எழுந்து வரும்போது முழங்கால் கூடுதலாக வலித்தது.

அந்த மத்தியானம் சலவைக்கடைக்காரர் ஒருவர் சாம்பல் நிற வண்டியைக் கொண்டுவந்தார். பட்டை இல்லை. பின் இருக்கையைக் கழற்றி, துணி மூட்டை ஏற்றிய வண்டி. சோப்பு வாசம் அடித்தது.

"இரும்புக்குத்தான் லாயக்குன்னு பார்த்து ஒரு பேப்பர் குடுங்கக்கா போதும். பழைய இரும்புக்காரர் கேட்டிருக்காரு."

அக்கா அடியில் போனார். இடது பக்கம் தகடு இருந்தது. அவசர அவசரமாகப் போட்ட தன்னுடைய பற்றவைப்பே அது என்று பார்த்ததும் தெரிந்தது. முதுகாலேயே நகர்ந்து வலது பக்கம் போய், சேற்றைச் சட்டைக் கையால் துடைத்தார். செதில்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. முடிவில் சுழி. விரலை அதன் மேல் வைத்தார். ஜில்லென்று இருந்தது.

"என்னக்கா, உள்ளேயே தூங்கிட்டீங்களா?"

"ஒரு நிமிஷம் தம்பி."

"இரும்புக்காரர் குடுக்கறதை நீங்களே குடுத்து எடுத்துக்கறதுன்னாலும் சரிதான். யார்கிட்ட போனா எனக்கென்ன?"

சரி என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரை வந்தது என்று பின்னால் மகளிடம் சொன்னார். நம்பி வந்தவரிடம் உண்மையை மறைத்து எடுத்துக்கொண்டால், அந்தத் தகட்டை மறுபடி எந்த முகத்தோடு பார்ப்பது? வெளியே வந்தார்.

"தம்பி, இதை இரும்புக்குப் போட்டுடாதீங்க. இது அசல் சிவப்புப் பட்டை."

"விளையாடாதீங்கக்கா. பட்டை எங்க இருக்கு?"

"யாரோ பெயிண்ட் அடிச்சு மூடிட்டாங்க. எஞ்சினையும் மாத்திட்டாங்க. உடம்பு அசல்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இந்தப் பக்கம் நான் வச்சது. அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் வச்சது."

சலவைக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். "அண்ணன் இப்போ..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சாவியை நீட்டினார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கக்கா."

மாற்று எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. மேம்பாலத்தில் ஒரு ஸ்கூட்டர்கூட முந்திக்கொண்டு போனது. அக்காவுக்கு வேகம் வேண்டியிருக்கவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தாங்கிக்கொண்டதைக் கால் வழியே உணர்ந்தார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் இரண்டு தெரு சுற்றினார்.

மூன்றாவது வாரம் வெளியூர்க்காரர் ஒருவர், அக்காவுக்கு எட்டாத விலை கொடுத்து, வண்டியை வாங்கி லாரியில் ஏற்றிப் போனார். அவரிடம் அக்கா ஒன்றுதான் கேட்டார். "பெயிண்ட் அடிக்கும்போது வலது பக்கத்து வெல்டிங்கைத் தேய்ச்சுடாதீங்க."

"தொட மாட்டேம்மா. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க."

அவர் ஊருக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரம். இரண்டு முறை பஸ் நேரம் விசாரித்து வைத்துக்கொண்டார், ஆனால் கிளம்பவில்லை. மகள் கேட்டாள், "போயிட்டு வந்துட வேண்டியதுதானேம்மா?"

"போகலாம்," என்றார் அக்கா. "போனா, மறுபடி விட்டுட்டுத் திரும்பி வரணுமேன்னு இருக்கு."