வெளுத்த பவுன்

சாம்பவிக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கும். சென் தெனியில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அவளிடம் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மதாம் மெல்லப் பேசத் தொடங்கிவிட்டாள் என்றால் கடைசி வாங்கிலும் சத்தம் அடங்கிவிடும்.

ஏழு வயதில் பருத்தித்துறையிலிருந்து வந்தவள். தாய் இல்லை. தகப்பன் இராஜதுரைக்கு லா சப்பலில் ஓர் உணவகக் குசினியில் வேலை, மார்க்ஸ் டோர்மோயில் இரண்டு அறை வீடு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் எவரும் இருக்க விரும்பாத ஒரு வருடம் இருந்தது. அந்த வருடம்தான் சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையை அவள் வாசிக்கப் பழகினாள். ஒரே நிரலில் நிற்கும் மூலகங்களுக்கு வெளி ஓட்டில் ஒரே அளவு இலத்திரன்கள். அதனால் ஏறக்குறைய ஒரே சுபாவம். சோடியத்துக்கு வெளியே ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கும். குளோரீனுக்கு எட்டுக்கு ஒன்று குறை, அகப்பட்டதைப் பிடுங்கும். ஒன்று கொடுக்க மற்றது வாங்க, உப்பு. கொடுக்கவும் மனமில்லாத, பறிக்கவும் முடியாத இரண்டு சந்தித்தால் பங்குபோட்டுக்கொள்ளும். சேர்க்கையும் விலகலும் அந்த வெளி ஓட்டில் முடிவாகிவிடுகின்றன. இவ்வளவு ஒழுங்காக அடுக்கக்கூடிய ஓர் உலகம் இருக்கிறது என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதையே படித்தாள். அதையே படிப்பித்தாள்.

கரிகாலனைக் கட்டியது சென்ற வைகாசியில். சாதுவான மனிதன். பியர்ஃபித்தில் தாய் வள்ளிநாயகியோடு வீடு. கலியாணம் முடிந்த கிழமையே மாமி ஒரு சிறிய டப்பாவைக் கொண்டுவந்து மருமகள் கையில் வைத்தாள். முகத்தை வெளுப்பாக்கும் கிறீம். தெரிந்தவர்களுக்கு மட்டும் கடைக்காரன் மேசைக்குக் கீழிருந்து எடுத்துக்கொடுப்பது.

"நானும் இதுதான் பூசுறனான். கழுத்துக்கும் பூசு பிள்ளை. முகம் வெளுத்துக் கழுத்துக் கறுப்பாக் கிடந்தா ஆக்கள் சிரிப்பினம்."

மாமி அன்பாகத்தான் சொன்னாள். சாம்பவியும் பூசினாள். தேன் போத்தலைக்கூடத் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று வாசிக்கிறவள், அந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஐப்பசியில், பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சாமத்தியவீடு. மண்டபத்தின் வெள்ளை வெளிச்சத்தில் வள்ளிநாயகி மருமகளின் பதக்கச் சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தாள். கழுத்தில் படும் பக்கமெல்லாம் ஈயம் பூசியதுபோல வெளுத்திருந்தது. இராஜதுரை சீதனமாகப் போட்ட சங்கிலி.

"இதென்னடியப்பா, வெள்ளியோ?"

பக்கத்து மேசைப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"பாவம், குசினியில நிண்ட மனிசன். ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்" என்றாள் ஒருத்தி.

"ஏமாந்தாரோ, ஏமாத்தினாரோ?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு.

மாமி வீட்டுக்கு வரும்வரையும் பொறுக்கவில்லை. காரில் இருந்தபடியே இராஜதுரைக்குப் போன் எடுத்து, சங்கிலி கள்ளப் பவுன் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "பிழை என்ரதாத்தான் இருக்கும் சம்மந்தி. வேற செய்து தாறன்." பின்சீட்டில் இருந்த சாம்பவிக்கு அது கேட்டது. மாமி சொன்னதைவிட அப்பா ஒத்துக்கொண்டதுதான் நெஞ்சைச் சுட்டது. விடிந்தால் லா சப்பல் முழுக்க அவர் கள்ளப் பவுன் போட்ட மனிதர். இனி எந்தக் கடைக்குள் நிமிர்ந்து நுழைவார்?

"அப்பா களவு செய்யேல்லை" என்றாள், மிக மெல்ல.

"அப்ப உருக்கிப் பாப்பம்" என்றாள் மாமி. "எல்லாருக்கும் முன்னால."

சனிக்கிழமை சாம்பவி, கரிகாலன், மாமி, இராஜதுரை நால்வரும் வாமதேவனின் நகைக்கடைக்குப் போனார்கள். வாமதேவன் சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னறையில் யன்னல் இல்லை. அங்கே ஊதுவிளக்கைப் பற்றவைத்தார்.

"உருக்கவே தேவையில்லை அக்கா. கொஞ்சம் சூடு காட்டினா இந்த வெள்ளை பறந்திடும்."

"பறக்குமோ?" என்றாள் சாம்பவி.

"ஓம் தங்கச்சி. ஆவியாப் போயிடும்."

அந்தச் சூட்டில் அப்படிப் பறக்கக்கூடிய உலோகத்தை அவளுக்குத் தெரியும். அட்டவணையில் பொன்னுக்கு அடுத்த வீடு. அவள் எட்டி ஊதுவிளக்கின் திருகை மூடினாள்.

"பாதரசம் அண்ணை. இந்த அறைக்குள்ள பறந்தா எங்கட நெஞ்சுக்குள்ளதான் வந்து இருக்கும். மாமி, அந்தக் கிறீம் உங்கட பையில கிடக்கோ?"

கிடந்தது. மாமி அது இல்லாமல் வெளிக்கிடுவதில்லை.

"இதுக்கும் சங்கிலிக்கும் என்ன?"

"சொல்லுறன், கேளுங்கோ. பொன்னுக்கு வெளியில ஒரு இலத்திரன். அதை லேசில குடுக்காது. அதாலதான் பொன் கறள் பிடிக்கிறேல்லை. ஆனா நகையெண்டால் உறுதிக்குச் செம்பு கலந்திருக்கு. செம்பு குடுக்கும். கிறீமுக்குள்ள இருக்கிற பாதரசம் தன்ர ரெண்டு இலத்திரனையும் இழந்துபோட்டு நிக்குது. அது செம்பிட்டை வாங்கிக்கொண்டு திரும்ப உலோகமாகும். ஆனவுடன பக்கத்தில நிக்கிறது பொன். உலோகங்கள் வெளி இலத்திரனைப் பொதுவில விட்டிட்டு ஒண்டாக் கிடக்கிறவை. பாதரசமும் அந்தப் பொதுவுக்குள்ள போய்ச் சேந்திட்டுது. அதுதான் இந்த வெள்ளை. அப்பா போட்ட பவுன் அப்பிடியே உள்ளுக்குக் கிடக்கு."

"வகுப்பெடுக்கிறா" என்றாள் வள்ளிநாயகி வாமதேவனைப் பார்த்து. "நல்ல பவுனுக்கு ஒரு கிறீம் என்ன செய்யும்? கழுத்தில கிடக்கிற கொடியைப் பாருங்கோ. நாங்கள் செய்து போட்டது. எப்பிடி மினுங்குது!"

தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்வது. நீளமானது, சட்டைக்கு மேலே நெஞ்சில் கிடப்பது. அதில் கிறீம் பட்டதே இல்லை.

சாம்பவி இரண்டு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஐயோ, கழட்டாதை! கரிகாலன், பாத்துக்கொண்டு நிக்கிறாயே!"

சாம்பவி கொடியைக் கண்ணாடி மேசையில் வைத்தாள், வாமதேவனின் பிளாஸ்டிக் கையுறையை மாட்டினாள், டப்பாவிலிருந்து கிறீமை வழித்துத் தாலியிலும் கொடியிலும் அழுத்தித் தேய்த்தாள். சட்டி தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். மாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இராஜதுரை, "பிள்ளை, வேண்டாம் பிள்ளை" என்றார். அவள் கேட்கவில்லை. ஈரக் கடுதாசியில் சுற்றி ஒரு போத்தலில் போட்டு மூடினாள்.

"நாளைக்கு வாங்கோ. எல்லாரும் வாங்கோ."

வந்தார்கள். வாமதேவன் இடுக்கியால் கொடியைத் தூக்கினார். தாலியின் ஓரங்களும் கொடியின் முறுக்குகளும் சங்கிலியைப் போலவே வெளுத்திருந்தன. அவர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார். எது யார் செய்தது என்று கேட்டால் நீளத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

"அம்மா, இது நாங்கள் செய்தது" என்றான் கரிகாலன்.

"கிறீம் வித்தவனைச் சொல்லவேணும்" என்றாள் வள்ளிநாயகி. "நாசமாப் போவான்."

"அப்பாவைப் பாத்துச் சொல்லுங்கோ மாமி."

"என்னத்தை?"

"மண்டபத்தில சொன்னது பிழையெண்டு."

மாமி கண்ணாடிக்குள் இருந்த காப்புகளைப் பார்த்துக்கொண்டு, "பவுன் பவுன்தான் சம்மந்தி. ஆர் இல்லையெண்டது?" என்றாள்.

"நீங்கள்தான். திரும்பி நிண்டு சொல்லுங்கோ. பிறகு அண்டைக்குச் சிரிச்ச ஆக்களுக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கோ."

"விடு பிள்ளை" என்றார் இராஜதுரை. பெயர் திரும்பிக் கிடைத்த மனிதருக்குக் கொஞ்சம் தைரியமும் வந்திருந்தது. "அவவை ஏன் உருட்டுறாய்? நீ படிச்சனி எல்லோ. நீ ஏன் அந்தச் சனியனை எடுத்துப் பூசினனி?"

சாம்பவி தகப்பனிடம் திரும்பினாள்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு மாமிக்கு என்ன சொன்னனீங்கள்?"

"என்ன சொன்னனான்?"

"'பிள்ளை நிறம் கொஞ்சம் மட்டுத்தான். அதுக்காகச் சங்கிலியைப் பாரமாப் போடுறன்.' நான் தேத்தண்ணித் தட்டோட கதவுக்குப் பின்னால நிண்டனான் அப்பா. உங்கட பவுன் சுத்தம். அதை ஏன் போட்டனீங்கள் எண்டு இவையளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

இராஜதுரை தட்டைப் பார்த்தார். நேற்றுவரை அந்தச் சங்கிலி அவருடைய மானமாக இருந்தது. இப்போது அதைத் தொட அவர் கை நீளவில்லை.

"ரெண்டையும் என்ன செய்ய தங்கச்சி?" என்றார் வாமதேவன்.

"இறுக்கி மூடி வையுங்கோ அண்ணை. சூடு காட்டாதேங்கோ. இப்ப எனக்கு ரெண்டும் வேண்டாம்." அவள் மாமியின் கையில் இருந்த பையைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலமை லபோவுக்கு வாங்கோ மாமி. இரத்தமும் மூத்திரமும் குடுக்கவேணும். நீங்கள் எத்தினை வருசமாப் பூசுறியளோ தெரியாது."

"அதுக்கு முதல் என்ன செய்ய?" என்றாள் வள்ளிநாயகி, கண்ணைத் துடைத்தபடி.

"அதுக்கு முதல் அண்டைக்குச் சிரிச்ச ஆக்களுக்குப் போன்" என்றாள் சாம்பவி. மாமியின் கைத்தொலைபேசியை எடுத்து அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.