நின்றபடி எடுத்த அளவு

அந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கத்தில், எட்டாம் வகுப்போடு முடிகிற ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை மடிப்பு, ஜாக்கெட் கை, காஜா எடுப்பது என்று சொல்லிக்கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு மேசைமேல் கிடந்த காக்கித் துணிக் கட்டைக் காட்டினார்.

“சாரணர் பசங்க பதினாறு பேருக்கு டவுசர் வேணுமுங்க டீச்சர். நீங்களே தெச்சுப்போடுங்க.”

“ஆம்பளப் பசங்க துணி தெச்சுப் பழக்கமில்லைங்க சார்.”

“டவுசரும் துணிதானுங்களே,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அவர் ஏன் வெளித் தையல்காரரை விட்டு என்னைப் பிடித்தார் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். முந்தைய வருஷம் வெளியில்தான் தைத்தார்கள். பையனைப் பெற்ற ஒவ்வொரு தாயும் தையல்காரரிடம் போய், “வளர்ற பையனுங்க, அடுத்த வருசத்துக்கும் ஆகோணும், தாராளமா உட்டுத் தெச்சுப்போடுங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவரும் தாராளமாக விட்டார். மாவட்டச் சாரணர் ராலியில் நம் பையன்கள் முழங்காலைத் தாண்டித் தொங்கிய டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சல்யூட் அடித்தார்கள். உடுப்புச் சோதனையிலேயே ஏறக்குறைய எல்லா மார்க்கும் போய்விட்டது. அந்த அவமானம் தலைமையாசிரியருக்கு ஆறவில்லை. இந்தத் தடவை அளவு அளவாகவே இருக்க வேண்டும், எந்தத் தாய் வந்து கேட்டாலும் காது கொடுக்கக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த வருஷ ராலியில் முதலில் வருகிற பள்ளிக்கூடத்தை மெட்ராசுக்கு அனுப்புவதாக இருந்தது. கடற்கரை ஓரத்தில் நான்கு நாள் முகாம். எங்கள் பதினாறு பேரில் ஒருவன்கூடக் கடலைப் பார்த்ததில்லை. ஜூன் மாதத்திலிருந்தே வேறு பேச்சில்லை. அணித் தலைவனாக இருந்தவன் எட்டாம் வகுப்புப் பையன். மதுக்கரைக்காரன். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை. டவுனில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். ஒருநாள் தையல் அறை வாசலில் நின்று, “கடல் தண்ணி நெசமாவே உப்புக் கரிக்குமுங்களா டீச்சர்?” என்று கேட்டான். நானும் பார்த்ததில்லை. கரிக்கும் கண்ணு என்று சொல்லிவைத்தேன்.

அளவு எடுக்கும் நாள் வந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களின் தொடையைச் சுற்றி நான் டேப் பிடிப்பதை நானும் நினைக்கவில்லை, பையன்களும் நினைக்கவில்லை, பள்ளிக்கூடமும் நினைக்கவில்லை. ஆகவே டிரில் மாஸ்டர் வெளியே முற்றத்தில் அளந்தார். நான் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அவர் கத்திச் சொன்ன எண்களை நோட்டில் எழுதினேன். அவருக்குத் தெரிந்தது அட்டென்ஷன் ஒன்றுதான். பதினாறு பேரையும் விறைப்பாக நிற்க வைத்து, இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு நான்கு விரல்கடை மேல் வரைக்கும் நீளம், இந்த இரண்டை மட்டும் எடுத்தார். மற்ற அளவுகளைக் கேட்க எனக்கு வெட்கம். சொல்ல அவருக்கும் வெட்கம்.

மீதியை நான் ஊகித்தேன். போன வருஷத்து டவுசர் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் குறைத்து வெட்டினேன். குறைக்கக் கூடாத இடத்திலும் குறைத்தேன். இரண்டு காலும் சேருகிற கவட்டையில் துணி எவ்வளவு விட வேண்டும் என்பது பாவாடை தைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காலையில் வீட்டில் சமையல், பள்ளிக்கூடத்தில் ஐந்து பீரியட், மணி அடித்த பிறகு மெஷின். பள்ளியில் இருந்த இரண்டு மெஷினில் ஒன்று நாலு தையலுக்கு ஒரு தையல் தாவும். காக்கித் துணியோ பலகை மாதிரி. ஊறவைத்துக் காயப்போட்ட பிறகும் ஊசியை ஒடித்தது. மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் இரண்டும் வலி கண்டு, ராத்திரி படுத்தால் மெஷின் மேலேயே படுத்திருப்பது போல இருக்கும். ஒரு டவுசர் முடிந்தால் இன்னும் பதினைந்து இருக்கிறது என்பதுதான் நினைவுக்கு வரும். நடுநடுவே தாய்மார்கள் வேறு வந்து நின்றார்கள். “ஏனுங்க அம்மணி, கொஞ்சம் எச்சா உட்டுத் தெக்கக் கூடாதுங்களா?” முடியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவர்கள் மேல் எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அந்த வருஷம் விஷயம் தெரிந்து பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கார்த்திகையில் வேலை முடிந்தது. பையன்கள் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். அளவெடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குள் ஒவ்வொருவனும் கொஞ்சம் நீண்டும் சதை பிடித்தும் இருந்தான். ஆனாலும் நின்ற நிலையில் பார்க்க அத்தனை அழகு. மடிப்பு நேராக, முழங்கால் பளிச்சென்று, ஒரே அச்சில் வார்த்தது போல் பதினாறு டவுசர்.

“எப்படி இருக்கு கண்ணு?” என்று ஒவ்வொருவனாகக் கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க டீச்சர்.”

“எங்கேயாவது பிடிக்குதா?”

“இல்லீங்க டீச்சர்.”

பதினாறு பேரும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் சிரமப்பட்டுச் செய்த ஒன்றைப் பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வேறு பதில் வந்திருந்தால் பதினாறையும் பிரித்துத் தைக்க என் காலில் தெம்பு இல்லை. உட்கார்ந்து காட்டு என்று ஒருவனிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கே தலைமையாசிரியர் அத்தனையையும் கழற்றி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், ராலிக்கு முன்னால் அழுக்காகக் கூடாதாம். பையன்கள் பொங்கல் வரைக்கும் பழைய தொளதொள டவுசரிலேயே கூடாரம் அடித்துப் பழகினார்கள். நன்றாகப் பழகினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவார்கள்.

பொங்கல் கழிந்து நடந்த ராலிக்கு நானும் போனேன். பித்தான் தெறித்தால் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஊசி, நூல், பித்தான் எல்லாம் பையில் வைத்திருந்தேன். காலையில் உடுப்புச் சோதனை. சோதித்த அதிகாரி எங்கள் வரிசையில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, “யாருங்க தெச்சது?” என்று கேட்டாராம். முழு மார்க். டிரில் மாஸ்டர் ஓடிவந்து சொன்னபோது, அத்தனை மாதத்து அலுப்பும் போய்விட்டது போல இருந்தது.

அடுத்து கூடாரப் போட்டி. பெண்களுக்குப் போட்டிருந்த பந்தலிலிருந்து தூரத்தில் பார்த்தேன். மற்றப் பள்ளிப் பையன்கள் விசில் ஊதியதும் குத்தவைத்து உட்கார்ந்து முளை அடித்தார்கள். எங்கள் பையன்கள் உட்காரவில்லை. முழங்காலை மடக்காமல், இடுப்பை மட்டும் வளைத்து, நாற்று நடுகிறவர்கள் போல் குனிந்து அடித்தார்கள். சுத்தியல் முளையில் பாதி, மண்ணில் பாதி விழுந்தது. “உக்காந்து அடிங்கடா” என்று டிரில் மாஸ்டர் கத்துவது எனக்குக் கேட்டது. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், உடனே எழுந்து பின்னால் கை வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் கூடாரம் எழும்பும்போது மற்ற எல்லாக் கூடாரமும் நின்றிருந்தது. மெட்ராசுக்கு வேறு பள்ளிக்கூடம் போயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி சீட் காலி. பையன்கள் ஒருவனும் உட்காரவில்லை. கழுத்தில் கட்டுகிற துணியைச் சிலர் இடுப்பில் கட்டியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மடியில் ஊசியும் நூலும் இருந்தது. அதை எடுத்து நீட்டக்கூட எனக்கு முகமில்லை.

அணித் தலைவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, “போட்டுப் பாத்தப்பவே பிடிச்சுதா கண்ணு?” என்று கேட்டேன்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். “இல்லீங்க டீச்சர். நல்லாத்தானுங்க இருந்துது.”

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் டிரில் மாஸ்டர் பதினாறு பேரையும் முன்னால் நிறுத்தி, உடம்பு வளையாத சோம்பேறிகள் என்று திட்டினார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அளந்தவர் அவர்தானே. வெட்டியவள் ஆசிரியர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. பையன்களும் திறக்கவில்லை. அறுபது வருஷத்தில் எத்தனையோ செய்யக் கூடாததைச் செய்திருக்கிறேன். அந்தக் காலை நேரத்தை நினைத்தால் மட்டும் இன்னும் கூசுகிறது.

ஏப்ரலில் பரீட்சை முடிந்த அன்று அணித் தலைவன் தையல் அறைக்கு வந்தான். எட்டாவது முடிந்தது, அப்பா மதுக்கரைக்கே வரச் சொல்லிவிட்டார், இனிமேல் படிப்பு இல்லை என்றான். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவன் டவுசரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். கிழிந்த இடத்தைத் தானே தைத்திருந்தான். கறுப்பு நூல், கோணல்மாணலான தையல், ஆனால் உள்ளே ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தைத்திருந்தான். நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

“போயிட்டு வாரேனுங்க டீச்சர்,” என்றான். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னான்.

“அடுத்த வருசம் பசங்களுக்குத் தெக்கறப்ப, ஒருக்கா உக்காரச் சொல்லிப் பாருங்க டீச்சர்.”

சரி கண்ணு என்றேன். இனி அவன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன் இல்லை. அதனால்தான் சொன்னான்.